பஜ்ஜி எண்ணெயில் பாத்திரச் சோப்பு

புதுச்சேரி, கடலூர் கடற்கரைக் கடைகளில் மிஞ்சும் பாமாயில் சோப்புக்கு நல்ல சரக்கு. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது சேரும் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சோப்புக்கு அதனால் குறையில்லை.

முதலில் உப்பும் கருகலும் போக வேண்டும். சுடுநீர் கலந்து குலுக்கி, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல் எண்ணெயை மட்டும் துணியில் வடிகட்டவும்.

1 கிலோ எண்ணெய்க்கு 135 கிராம் காஸ்டிக் சோடா, 300 மில்லி தண்ணீர். எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறச் சுமார் 141 கிராம் சோடா வேண்டும்; கொஞ்சம் குறைத்தால்தான் கை எரியாது. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் போட்டுக்கொண்டு, சோடாவைத் தண்ணீரில்தான் கொட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் தெறிக்கும். அலுமினியச் சட்டி வேண்டவே வேண்டாம், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். எவர்சில்வர் போதும்.

எண்ணெயும் சோடாக் கரைசலும் 45 டிகிரிக்கு வந்ததும் கலந்து கடையவும். பழைய எண்ணெயில் புளித்த கொழுப்பு அமிலம் அதிகம். சட்டென்று இறுகிவிடும், அச்சைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய கட்டிகள் 4 வாரம் காய வேண்டும்.

இங்கே பெரிய வில்லன் கடல்காற்று. திறந்துவைத்த சோடா ஈரம் குடித்துக் கனக்கும். எடை சரியாகக் காட்டும், காரம் குறைந்திருக்கும், சோப்பு பிசுபிசுக்கும். கடினமான போர்த் தண்ணீரில் நுரை திரிந்து வெள்ளைப் படலம் படியும். கழுவும் வாளியில் ஒரு ஸ்பூன் சலவைச் சோடா போட்டால் அடங்கும்.