200 டாலர் எம்.எல்.ஏ.

"எம்.எல்.ஏ. ஆயிட்டியாமே, காரெல்லாம் குடுப்பாங்களா?" என்று அம்மா ஊரிலிருந்து போனில் கேட்டார். கார் என்னுடையதுதான், ஓட்டுகிற தூரத்துக்கு மட்டும் காசு தருவார்கள் என்றேன். சம்பளத்தைச் சொன்னதும் லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு அமைதி. இரண்டு ஆண்டுப் பதவிக்காலத்துக்கு மொத்தமே 200 டாலர். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில அரசியல் சட்டத்தில் 1889-ல் எழுதிவைத்த தொகை, இன்னும் மாறவில்லை.

உள்ளே போவதும் மலிவுதான். 2022 ஜூனில் ஊர் அலுவலகத்தில் 2 டாலர் கட்டி வேட்புமனு கொடுத்தேன். செப்டம்பரில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் தேர்தல், நவம்பரில் அசல் தேர்தல். சுமார் 14 லட்சம் பேருக்குக் கீழவையில் 400 உறுப்பினர்கள். ஆளுக்கு மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் என்பதால் வீடு வீடாகக் கதவைத் தட்டியே முடித்துவிடலாம். நாய்களுக்குப் பயந்து நான் விட்ட வீடுகள் தனிக் கணக்கு. அப்படித் தட்டிய ஒரு கதவில்தான் ஒரு பாட்டி கேட்டார்: "வாடகையை ஏத்துறதை இன்னும் கொஞ்சம் முன்னாடியே சொல்லச் சொல்லி சட்டம் போட முடியாதா?"

ஜெயித்தேன். டிசம்பர் முதல் புதன்கிழமை மாநிலத் தலைநகர் காங்கார்டில் பதவியேற்பு. அலுவலக அறை கிடையாது, உதவியாளர் கிடையாது, சமையலறை மேஜைதான் எல்லாம். அந்தத் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு 201, ஜனநாயகக் கட்சிக்கு 198, ஒரு இடம் சமநிலை. ஒருவர் சளி பிடித்துப் படுத்தாலே ஓட்டெடுப்பு தலைகீழாகும். இரண்டு பக்கக் கொறடாக்களும் போனைக் கீழே வைக்கவே இல்லை. மென்பொருள் வேலையில் எனக்கிருந்த விடுப்பெல்லாம் மார்ச்சுக்குள் காலி.

பாட்டியின் யோசனையை வரைவு எழுதும் பிரிவில் கொடுத்து மசோதாவாக்கினேன். இங்கே ஒவ்வொரு மசோதாவுக்கும் பொது விசாரணை உண்டு, யாரும் வந்து பேசலாம். பாட்டியே வந்தார். இளஞ்சிவப்பு அட்டையில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, கை நடுங்க மூன்று நிமிடம் பேசினார். வீட்டு உரிமையாளர்கள் தரப்பிலிருந்து வந்தவர் நிதானமாக, நன்றாகவே பேசினார்.

விசாரணை நடத்திய சபைக் குழு 'இனெக்ஸ்பீடியன்ட் டு லெஜிஸ்லேட்' என்று பரிந்துரைத்தது. "அப்படின்னா?" என்றார் பாட்டி. வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்வது என்றேன். ஆனால் இங்கே மசோதாவைக் குழுவிலேயே புதைத்துவிட முடியாது, எதுவானாலும் சபைக்கு வந்தாக வேண்டும். விவாதமில்லாமல் மொத்தமாகத் தள்ளிவிடும் பட்டியலில் போட்டிருந்தார்கள். அதிலிருந்து தனியே எடுக்க வைத்து, எழுந்து பேசினேன். தொண்டை வறண்டு பாதி வாதம் மறந்துபோனது. பச்சை, சிவப்புப் பொத்தான்களை அழுத்தினார்கள். தோற்றேன், கொஞ்சநஞ்ச வித்தியாசத்தில் அல்ல. என் கட்சியிலேயே சிலர் மசோதாவுக்கு எதிராக அழுத்தினார்கள்.

2024 ஜூனில் நான் மறுபடி 2 டாலர் கட்டவில்லை. வேலையும் முக்கியம், மகளின் கல்லூரிக் கட்டணமும் வந்துவிட்டது. ஆகஸ்டில் பாட்டி போன் செய்தார். புது வேட்பாளர் ஒருவர் கதவைத் தட்டினாராம். "உன் காகிதமெல்லாம் பத்திரமா இருக்கா? அவரை உன் வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றார்.