பிரெஞ்சு வினைச்சொல்லைக் காதால் பிரியுங்கள்

கோலாலம்பூரில் பிரெஞ்சு படிக்க வரும் நம் பிள்ளைகளுக்கு அசை பிரிப்பது புதிதல்ல. மலாய்ப் பாடத்தில் ‘மா-கான்’, ‘மி-னும்’ என்று சுகு காத்தா, அதாவது அசை, பிரித்து வளர்ந்தவர்கள். சிக்கலும் அதனால்தான் வருகிறது. பிரெஞ்சு வினையின் வால் எழுத்துகள் பெரும்பாலும் ஒலிப்பதே இல்லை.

பேசுவதைக் குறிக்கும் ‘பார்லே’ என்ற வினையைப் பாருங்கள். நான், நீ, அவன், அவர்கள் என மாறும்போது விகுதியும் எழுத்தில் இ, இ-எஸ், இ, இ-என்-டி என்று மாறும். வாயில் நான்கும் ‘பார்ல்’தான், ஓரசை. ‘பார்-லெந்த்’ என்று வாசிப்பது எழுத்தை நம்புவதால் வரும் பிழை. ‘பார்லு’ என்பது நம் பழக்கத்தால் வருவது: மெய்யில் முடியும் அயற்சொல்லுக்கு ஓர் உகரம் கொடுத்துவிடுகிறோம், ஓரசை ஈரசையாகிவிடுகிறது. ‘ல்’ சொன்னதும் நாக்கை அண்ணத்திலேயே நிறுத்துங்கள். நாம், நீங்கள் என்று வந்தால்தான் ஈரசை: ‘பார்-லோன்’, ‘பார்-லே’. அந்த ‘லோன்’னில் நாக்கு னகரத்தைத் தொடாது, ஓகாரமே மூக்கு வழியாக வரும்.

இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் நின்றால் அது பின்னசைக்குப் போகும். இரண்டு நின்றால் பிரியும். ‘த்ர்’, ‘ப்ல்’ போன்ற கூட்டு மட்டும் பிரியாது. அதனால் காட்டுவதற்கான வினை ‘மோன்-த்ரே’, ‘மோன்த்-ரே’ அல்ல.

இந்த விதி சொல்லின் எல்லையையும் தாண்டும். ‘அவள் அழைக்கிறாள்’ என்பது ‘எல்’, ‘அபெல்’ என்ற இரு சொல் சேர்ந்து ‘எ-லா-பெல்’. எழுத்தில் பகரம் இரட்டிக்கிறதே என்று ‘அப்பெல்’ என அழுத்த வேண்டாம்.

அதிகம் பழக வேண்டியது இதுதான்: ‘அவன் நேசிக்கிறான்’ என்றால் ‘இ-லெம்’, ‘அவர்கள் நேசிக்கிறார்கள்’ என்றால் ‘இல்-ஸெம்’. பன்மையைக் காட்டுவது அந்த ஒரு ஸகரம் மட்டுமே. அதைச் சொல்லும்போது தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். அதிராத ஸகரம் பிழை.

‘முடிக்கிறான்’ என்பது ‘ஃபி-னி’, ‘முடிக்கிறார்கள்’ என்பது ‘ஃபி-னிஸ்’. இரண்டும் ஈரசை, கடைசி மெய்தான் வேறுபாடு. இங்கே ஸகரம் அதிராது. ‘ஃபினிஸ்ஸு’ என்றால் மூன்றசையாகி, கேட்பவர் தடுமாறுவார்.

இ-என்-டி எங்கும் ஊமை என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். ‘வருகிறான்’ என்பதற்கான பிரெஞ்சு வினையும் அதே மூன்று எழுத்தில்தான் முடிகிறது. அங்கே அது மூக்கொலியாக ஒலிக்கும். படர்க்கைப் பன்மை விகுதியாக வரும்போது மட்டுமே ஊமை.

எதிர்கால வினையில் ‘கொடுப்பேன்’ என்பதைப் பேச்சில் நடு உயிர் விழ ‘தொன்-ரே’ என்பார்கள். ‘பேசுவேன்’ மட்டும் ‘பார்-ல-ரே’ என்றே நிற்கும். உயிரை எடுத்தால் ர், ல், ர் மூன்றும் மோதிக்கொள்ளும்.