சீசன் இல்லாத அப்புத்தளை

இலங்கையின் மலைநாட்டுக்குப் போவதென்றால் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போ என்பார்கள். ஏப்ரலில் நுவரெலியாவில் மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், அறை கிடைக்காத திண்டாட்டம் எல்லாம் உண்டு. நான் கிளம்பியது தீபாவளி கழிந்த பிறகு, ஊரில் மாரி தொடங்கும் நேரத்தில். அதுவும் நுவரெலியாவுக்கு அல்ல, அப்புத்தளைக்கு. "இந்த மழையில் அங்கே என்னத்தைப் பார்க்கப் போறாய்?" என்று வீட்டில் கேட்டார்கள். மழையைத்தான்.

மட்டக்களப்பிலிருந்து செங்கலடி–பதுளை வீதிதான் நேர்வழி. லுணுகலை, பசறை வளைவுகளில் வயிறு கொஞ்சம் புரளும், மற்றபடி நல்ல பாதை. பதுளையில் கோச்சி ஏறினேன். 1924இல் ரயில் பாதை பதுளைக்கு வந்து சேர்ந்தது, அதற்குப் பிறகு ஒரு ஸ்டேஷன்கூட முன்னேறவில்லை. தெமோதரையில் நடக்கிற விளையாட்டைப் பதுளைப் பக்கமிருந்து வந்து பார்க்க வேண்டும். முதலில் ஸ்டேஷனுக்கு அடியிலிருக்கும் சுரங்கத்துக்குள் நுழைகிறோம். பிறகு குன்றைச் சுற்றி மேலேறி, சற்று முன் எந்த ஸ்டேஷனுக்குக் கீழே போனோமோ அங்கேயே வந்து நிற்கிறோம். சீசனில் எல்ல ஸ்டேஷனில் கதவுப் படியில் படமெடுக்கிற கூட்டம் தாங்காது. இப்போது படி காலி. பண்டாரவளைக்கு மரக்கறி மூட்டையோடு போகிற ஒருவர் அதில் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

அப்புத்தளை ஒரு மலைமுதுகில் இருக்கிற சின்ன ஊர். தெற்கே பார்த்தால் மலை சட்டென்று முடிந்து, கீழே சமவெளி தொடங்கிவிடும். வடக்கே ஊவா மாகாணத்தின் மலைகள். காலையில் இரண்டு பக்கமும் துலக்கமாகத் தெரியும். வெயில் ஏற ஏறத் தெற்குப் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் கிளம்பும். முதலில் ரயில் பாதை மறையும், பிறகு கடைத்தெரு. கடைக்காரர்கள் பகலிலேயே லைட்டைப் போடுவார்கள். பின்னேரம் இடி, மழை. தங்கிய வீட்டில் வேறு விருந்தாளி யாருமில்லை. வீட்டுக்கார அம்மா வாடகையைத் தானாகவே குறைத்தார். நனைந்த என் சப்பாத்தை வாங்கி, அடுப்படியில் விறகுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். மறுநாளும் அது காயவில்லை, ஆனால் புகை மணத்தது.

தம்பேத்தன்னைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் தோட்டத்து ஆட்கள்தான் அதிகம். பக்கத்தில் இருந்த அக்கா கால் விரல்களுக்கிடையில் சவர்க்காரம் தேய்த்திருந்தார், அட்டை கடிக்காமலிருக்க. மடியில் சுருட்டிய படங்கு.

"ஏப்ரல்ல வந்திருக்கலாமே தம்பி, இப்ப ஒண்ணும் தெரியாதே" என்றார்.

"உங்களுக்கு மழையில் லீவு இல்லையா அக்கா?"

"கொழுந்துக்கு லீவு தெரியுமா? மழையில அது பாட்டுக்கு வளரும். நிறுக்கிற இடத்துல ஈரத்துக்குன்னு கழிச்சிருவாங்க, அதுதான் கஷ்டம்."

ஊவா தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருவது வேறு காலம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக இந்தப் பக்கம் இறங்கும். அந்த வறட்சியில் கொழுந்து நிதானமாக வளர்வதால் வாசனை கூடும். அதே காற்றுதான் இன்னும் கிழக்கே இறங்கி எங்கள் ஊரில் கச்சானாக அடித்து, உதட்டை வெடிக்கவைத்து, மண்ணை வாரி முகத்தில் வீசுகிறது. நாங்கள் திட்டித் தீர்க்கிற காற்று இங்கே பெட்டி பெட்டியாக விலைபோகிறது என்பதை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் இலங்கையில் தோட்டங்கள் வாங்கத் தொடங்கியது 1890இல். தம்பேத்தன்னைத் தொழிற்சாலையும் அந்த ஆண்டினதுதான். அங்கிருந்து லிப்டன் சீட் என்ற காட்சிமுனை வரை தேயிலைக்கு நடுவே ஏற்றம். நடப்பவர்கள் விடியற்காலையிலேயே தொடங்கிவிட வேண்டும். நான் ஆறுதலாகப் போனேன். உச்சியில் லிப்டனின் சிலை பெஞ்சில் இருந்து வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் சுடச்சுட ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும். காட்சி இல்லையென்று யாரும் அங்கே விலையைக் குறைப்பதில்லை, சரி, நானும் குறைத்துச் சாப்பிடவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த நாள் காலைக் கோச்சி. இதல்கஸ்ஹின்ன, ஒஹிய என்று ஏறி, பட்டிப்பொலைக்கு முன்னால் ஒரு சுரங்கம் வரும். நுழையும்போது ஊவாப் பக்கம் நல்ல வெயில். வெளியே வந்தால் யன்னலெல்லாம் மழைத் துளி, எதிரே இருந்த பிள்ளை சுவெட்டரைத் தேடுகிறது. மலைத்தொடரின் ஒரு பக்கத்து வானிலை மறுபக்கத்துக்குச் செல்லுபடியாகாது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒரு சுரங்கத்தின் நீளத்தில் அதைப் பார்ப்பது வேறு. நாட்டிலேயே மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலையில் இறங்கி, குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டே திரும்பும் கோச்சிக்குக் காத்திருந்தேன். ஸ்டேஷனில் என்னோடு இருந்தது ஒரு நாய்தான்.

அப்புத்தளைக்குப் பக்கத்தில் ஆங்கிலேயரான சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷம் பங்களா, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். சாதாரண நாளில் போனேன், கேட் பூட்டியிருந்தது. வார இறுதியாகப் பார்த்துப் போங்கள். குடையை நம்பாதீர்கள், மலைமுதுகில் காற்று அதைத் திருப்பிவிடும். மழைக்கோட்டு, இரண்டு சோடி சப்பாத்து, ஒரு சவர்க்காரக் கட்டி போதும்.