ஆவணியில் வந்து பார்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் தளத்தில் பதினேழு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறோம். ஆடி மாதத்தில் வீட்டுக்காரர் வந்து, ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதானால் வாடகை இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போன இரவில், என் கணவர் நெடுநாளாக மனத்தில் வைத்திருந்ததைச் சொன்னார். கிளிநொச்சி மாவட்டத்தின் வட்டக்கச்சியில் அவருடைய அம்மாவான என் மாமி தனியே இருக்கும் வீட்டுக்கு எல்லோருமாகப் போய்விடலாம் என்பதே அது. நான் ஒரு நிறுவனத்துக்குக் கணக்கெழுதுகிறேன். அதில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே செய்கிறேன். இவர் ஐம்பதைத் தாண்டியவர், வேலையை விடத் தயாராக இருக்கிறார். மகள் தரம் 8 இல் படிக்கிறாள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கும் என் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். இந்த நான்கு பேருக்கும் ஒரே பதில் கிடையாது என்பது அன்றிரவே எனக்குத் தெரிந்துவிட்டது.

செலவு குறையும் என்பது பாதி உண்மைதான். வாடகை இராது, தேங்காயும் முருங்கைக்காயும் வளவிலேயே கிடைக்கும்; ஆனால் இரண்டு மோட்டார் சைக்கிள்கள், கூரைத் திருத்தம், மகளின் ரியூசன், மாதத்துக்கு ஒரு தடவையாவது நான் கொழும்புக்கு வந்துபோகும் இரவுப் பேருந்துக் கட்டணம் என்று எழுதிப் பார்த்தபோது, மிஞ்சும் தொகை இவர் நினைத்த அளவுக்கு இருக்கவில்லை.

ஊருக்குப் போக விரும்புகிறவர்கள் எல்லோரும் பொருளாதார நெருக்கடி வந்த 2022 ஐத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அந்த ஆண்டை நானும் மறக்கவில்லை. எரிவாயு இல்லை, மார்ச் இறுதியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு, லிஃப்ட் ஓடாது. விறகு வைத்து எரிக்க ஐந்தாம் தளத்தில் இடமேது? பால்கனியில் மூன்று செங்கல்லை வைத்துக் கஞ்சி காய்ச்ச முயன்று, புகை மேல்வீட்டுக்குள் போய், அவர்கள் இறங்கி வந்து சண்டை பிடித்ததும் நடந்தது. அதே நாட்களில் மாமி வழக்கம்போல் விறகடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தார் என்பது உண்மை. ஆனால் வட்டக்கச்சியின் 2022 அந்த அடுப்போடு முடிந்துவிடவில்லை. 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததன் விளைவு அடுத்த காலபோக (மாரிகால நெற்செய்கை) அறுவடையில் தெரிந்தது. அதற்குப் பிறகு, 2022 ஆகஸ்டில், மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தால் தோட்டத்துக்கு நீர் இறைப்பவருக்கு அது என்ன விலை என்பது, கொழும்பில் எரிவாயு வரிசையில் நின்ற எங்களுக்கு உறைக்கவே இல்லை. மாமி அந்த ஆண்டு மிளகாய்த் தோட்டத்தைப் பாதியாகக் குறைத்தார். கிராமத்துக்கு அந்த நெருக்கடி வேறொரு வாசலால் வந்தது, அவ்வளவுதான்.

காணி விடயத்தில் எனக்கும் இவருக்கும் சற்றுக் கோபமாகவே பேச்சு நடந்தது. 'எங்கட காணி' என்று இவர் சொல்வது, உறுதி எழுதி முழுச் சொந்தமான காணி அன்று. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாமாவுக்கு அரசு வழங்கிய அனுமதிப்பத்திரக் காணி. அதைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது, நினைத்தவுடன் வங்கியில் ஈடு வைத்துக் கடன் எடுக்கவும் முடியாது. மாமா பின்னுரித்தாளர், அதாவது தமக்குப் பின் காணி யாருக்கு என்ற பெயரைப் பதியாமலே காலமாகிவிட்டார்; மனைவி என்ற முறையில் மாமிக்கு அதில் வாழ்நாள் உரிமை இருக்கிறது. அதற்குப் பிறகு யாருக்கு என்பதைச் சட்டத்தின் வரிசை தீர்மானிக்கும், கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் மச்சான்மார் தொலைபேசியில் பேசி முடிவெடுக்கும் விடயமன்று அது. எங்கள் சேமிப்பைக் கொண்டுபோய் அந்த நிலத்தில் வீடு கட்டினால், அந்த வீடு யாருடையது? இந்தக் கேள்வியை நான் கேட்டபோது இவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். மாமி இருக்கும்போதே அவரைக் கொண்டு பின்னுரித்து விடயத்தைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளாமல் ஒரு கல்லும் வைப்பதில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மகளின் படிப்பைப் பற்றி உறவினர்கள் சொல்லும் கணக்கு வேறு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் ஒதுக்கப்படுகிறது. கிளிநொச்சி பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. ஆகவே கொழும்பில் கிடைக்காத மருத்துவபீடம் அங்கே குறைந்த வெட்டுப்புள்ளியில் கிடைத்துவிடும் என்கிறார்கள். இதற்காகவே இடம் மாறுவது, மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் படித்த ஒரு பிள்ளையின் இடத்தை எடுப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. அத்துடன் மகளுக்கு மருத்துவத்தில் விருப்பமே இல்லை; அவள் கேட்டது அங்கே இணையம் வேகமாக இருக்குமா என்பது மட்டுமே.

எனக்கு உண்மையான தடை அம்மாதான். கிளிநொச்சியில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. 1990 என்ற எண்ணை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும், 2018 இலிருந்து வடக்கிலும் அந்தச் சேவை உண்டு. ஆனால் இதயத்துக்கு ஏதும் பெரிதாக நேர்ந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். அது அறுபது கிலோமீற்றருக்கும் மேல். இங்கே ஓட்டோவில் பதினைந்து நிமிடத்தில் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றிருக்கிறோம். அம்மாவோ, வட்டக்கச்சிக்குப் போனால் படலையைத் திறந்து பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதைத்துவிட்டு வரலாம், இங்கே கதவுக்கு வெளியே லிஃப்ட் மட்டும்தான் இருக்கிறது என்கிறார். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் சிங்களப் படிவத்தோடு யாரையாவது தேடி நிற்க வேண்டியதில்லை என்பதும் அவருடைய வாதம். இரண்டையும் என்னால் மறுக்க முடியவில்லை.

தைப்பொங்கலுக்குப் போனால் வட்டக்கச்சி எவரையும் மயக்கும்: வாய்க்காலில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர், கண்ணுக்கு எட்டிய தூரம் கதிர் முற்றிய வயல். இவருடைய ஆசை முழுவதும் அந்த வயலைப் பார்த்து வளர்ந்தது. மாமிதான் போனில் சொன்னார்: "மாரிக்க வந்து பாக்காதை பிள்ளை, ஆவணியில வந்து பார்."

போனோம். வாய்க்கால் வெடித்துக் கிடந்தது; முற்றத்துத் தென்னையில் குரங்குகள் குரும்பைகளைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தன. கிணற்றுக் கயிற்றில் புதிதாக ஒரு துண்டு முடிச்சிடப்பட்டிருந்தது; பங்குனியில் பழைய கயிறே போதுமாக இருந்ததாம், இப்போது முடிச்சுக் கப்பியைக் கடந்து கீழே இறங்கினால்தான் வாளி தண்ணீரைத் தொடுகிறது. அள்ளிய தண்ணீரைக் கேத்திலில் கொதிக்க வைத்தபோது உள்ளே வெள்ளையாகப் படிந்தது. மகள் அதை விரலால் சுரண்டிப் பார்த்தாள். அதே மாவட்டத்தில்தான் 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான் கதவுகள் திறக்கப்பட்டபோது பல கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அன்று மாமி இரண்டு நாட்கள் பாடசாலையில் தங்கியிருந்தார்.

திரும்பி வந்து, கூட்டிய வாடகைக்கே மேலும் ஓராண்டுக்கு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோம். காலபோக விதைப்புக்கு முன் இவர் போகிறார். அறுவடை முடியும் வரை அங்கேயே இருந்து, ஒரு போகத்தின் வரவையும் செலவையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது நான் போட்ட நிபந்தனை. புரட்டாதி இருபதாம் திகதி இரவுப் பேருந்தில் ஓர் ஆசனம் பதிந்திருக்கிறோம்.