ஆடி மாதத்தில் பனி பார்க்கக் கிளம்பிய கதை

ஆஸ்திரேலியாவில் பனி கொட்டும் என்பதே எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. கங்காரு, பாலைவனம், கிரிக்கெட், அவ்வளவுதான் நம் கணக்கு. சிட்னிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அலுவலகத்தில் ஆளாளுக்கு "ஸ்னோவுக்குப் போகலையா?" என்று கேட்டபோது நான் நியூசிலாந்தைச் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். அவர்கள் சொன்னது இதே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென்கோடியில், விக்டோரியா எல்லையை ஒட்டிய ஸ்னோயி மலைகளை. நாங்கள் குடியிருக்கும் டூங்காபியிலிருந்து மலையடிவார ஊரான ஜிண்டபைனுக்கு ஏறக்குறைய 460 கிலோமீட்டர். கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குக் காரில் போகிறவர்களுக்கு இது ஒரு தூரமே இல்லை. தூரம் தவிர மற்றதெல்லாம்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

முதல் கேள்வி, எப்போது போவது? ஜூன் நீண்ட வார இறுதியில் ஸ்கீ என்கிற பனிச்சறுக்கு சீசன் தொடங்கிவிடும். ஆனால் அப்போது மலையில் புல்தான் இருக்கும் என்பார்கள், பல வருஷம் அது உண்மையும்கூட. ஸ்பென்சர்ஸ் க்ரீக் என்ற இடத்தில் ஸ்னோயி ஹைட்ரோ நிறுவனம் 1954 முதல் பனியின் ஆழத்தை அளந்து வருகிறது. அந்தக் கணக்கைப் பார்த்தால் ஜூலை கடைசியிலிருந்துதான் பனி கனமாகப் படிகிறது. ஜூலை முதல் பாதியில் பள்ளி விடுமுறை, அறை வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் விடுமுறை முடிந்த பிறகு வரும் வார இறுதி, மகனுக்கு வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவு என்று முடிவு செய்தோம்.

அந்த நேரத்தில் அத்தை விசிட்டர் விசாவில் வந்திருந்தார். காலண்டரைப் பார்த்துவிட்டு, "ஆடி மாசத்துல யாராச்சும் ஊர் சுத்தக் கெளம்புவாங்களா கண்ணு?" என்றார். மேட்டுப்பாளையத்தில் ஆடி என்றால் காற்று. இங்கே ஆடி என்றால் காலையில் கார் கண்ணாடியைச் சுரண்ட வேண்டிய மாதம். சாஸ்திரத்தைவிட அவருக்குப் பெரிய கவலை மலைச்சாலை. ஊட்டிக்கே பேருந்தில் போனால் ஒத்துக்கொள்ளாதவர் அவர்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணாவிடம் யோசனை கேட்டோம். எண்பதுகளில் வந்தவர், பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வருஷா வருஷம் மலைக்குப் போனவர். வழி சொல்வார் என்று போனால், அவர் கராஜுக்குள் போய் ஒரு பழைய நீலப் பெட்டியோடு வந்தார். டயரில் மாட்டும் பனிச்சங்கிலி. இந்தப் பனிமலைகள் இருக்கும் கோசியஸ்கோ தேசியப் பூங்காவுக்குள் ஜூன் தொடக்கத்திலிருந்து அக்டோபர் முற்பகுதி வரை, டூ வீல் டிரைவ் வண்டி எதுவானாலும் சங்கிலி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பனி இருக்கிறதா இல்லையா என்பது பேச்சே இல்லை, டிக்கியில் இல்லாவிட்டால் அபராதம். ஃபோர் வீல் டிரைவ்காரர்களுக்கு இந்த மாநிலத்தில் விலக்கு உண்டு. எல்லை தாண்டி விக்டோரியாவின் பனிமலைகளுக்குப் போனால் அவர்களும் எடுத்துப் போக வேண்டியிருக்கும்.

"பிள்ளை, சங்கிலி எடுக்கிறது பெரிய வேலை இல்லை. பூட்டத் தெரியோணும். இருட்டுக்குள்ள, பனிக்குள்ள நிண்டு முதன்முதலாப் பூட்டேலாது. இஞ்ச வீட்டு வாசல்ல பூட்டிப் பாருங்கோ, தம்பியையும் கூப்பிடுங்கோ" என்றார்.

டயரின் பக்கவாட்டில் 205/55 ஆர்16 என்று எழுதியிருந்ததைப் பெட்டியில் ஒட்டியிருந்த அளவுப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார், பொருந்தியது. எங்கள் கொரோலாவுக்கு இழுவை முன்சக்கரத்தில், ஆகவே சங்கிலியும் முன்சக்கரத்துக்குத்தான். வளையத்தைச் சக்கரத்தின் பின்னால் செருகி, இரண்டு நுனியையும் மேலே கொண்டுவந்து கோர்த்து, முன்பக்கச் சங்கிலியைக் கொக்கியில் மாட்டி, மிச்சத்தை இழுத்து இறுக்க வேண்டும். பிறகு வண்டியைக் கொஞ்சம் உருட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும், பலர் இதைத்தான் விட்டுவிடுவார்களாம். என் கணவர் கையெல்லாம் கரியோடு தரையில் படுத்திருந்தார். தெருவில் நாயோடு நடந்த வெள்ளைக்காரப் பெண்மணி, பளிச்சென்ற வெயிலில் பனிச்சங்கிலி மாட்டும் எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார்.

சங்கிலி மாட்டக் கற்றுக்கொண்டதும் இவருக்கு மேலே வரை காரில்தான் போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நான் ஸ்கீட்யூப் என்ற மலை ரயிலுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். ஜிண்டபைனைத் தாண்டி புல்லக்ஸ் ஃப்ளாட் என்ற இடத்தில் காரை இலவசமாக நிறுத்திவிட்டு ரயிலேறினால், பெரும்பாலும் சுரங்கத்துக்குள்ளேயே போய்ப் பெரிஷர் பனித்திடலில் இறக்கிவிடும். மொத்தப் பாதை 8.5 கிலோமீட்டர். அதுவரை போக பூங்கா நுழைவுக் கட்டணம் கிடையாது. ஸ்கீ டிக்கெட் வாங்காமல் ரயில் டிக்கெட் மட்டும் எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக அது பற்சக்கர ரயில். "நம்ம கல்லாறுல இருந்து குன்னூருக்குப் பல்லு வச்சு ஏறுமே, அதே மாதிரியா?" என்று அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். அதோடு வாக்கெடுப்பு முடிந்தது. கைக்குழந்தையோ வயதானவர்களோ உடன் வந்தால் ரயில்தான் சரி என்பேன். சங்கிலி டிக்கியில் இருக்கட்டும், வானிலை நம்மைக் கேட்டுக்கொண்டு மாறாது.

மகனுக்குச் சறுக்குவண்டி ஆசை. அதற்குப் பேர்போனது செல்வின். 2020 ஜனவரிக் காட்டுத்தீயில் எரிந்து, 2023இல் மறுபடி திறந்த சிறிய இடம், குடும்பங்களுக்கு ஏற்றது. ஆனால் உயரம் குறைவு, பனி ஏமாற்றக்கூடும். அதை அடுத்த முறைக்கு ஒதுக்கினோம்.

உடைக்குச் செலவழிக்கும்முன் ஒரு விஷயம். மே மாதத்தில் ஆல்டி கடையில் வருஷத்துக்கொரு முறை பனி உடைகள் வந்து இறங்கும், விடிகாலையிலிருந்தே வரிசை நிற்கும். வளரும் பிள்ளைக்குக் கையுறையும் உள்ளுடையும் அங்கே வாங்கினால் போதும், ஜாக்கெட், பேன்ட், பூட்ஸ் வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஜீன்ஸ் மட்டும் கூடாது. நனைந்தால் காயாது, குளிர் எலும்பில் ஏறும். அத்தை சேலையோடுதான் வருவேன் என்றார். ஈரமான கொசுவம் உறைந்தால் என்ன ஆகும் என்று விளக்கியதும், "பேன்ட்டு போடறேன், ஆனா ஊர்ல ஒருத்தருக்கும் போட்டோ அனுப்பக் கூடாது" என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

தங்குவதற்கு ஜிண்டபைனை விட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் முன்னாலேயே வரும் கூமாவைப் பிடித்தோம், வாடகை கையைக் கடிக்கவில்லை. கூமா வெறும் இடைநிறுத்தம் என்று நினைத்திருந்தேன். 1949 முதல் 1974 வரை நடந்த ஸ்னோயி நீர்மின் திட்டத்துக்கு இதுதான் தலைமையிடம். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 1,00,000க்கும் அதிகமானோர் வந்து மலையைக் குடைந்திருக்கிறார்கள், பெரும்பாலோர் போரில் நொறுங்கிய ஐரோப்பாவிலிருந்து. அவர்களுடைய நாட்டுக் கொடிகள் ஊர் நடுவே வரிசையாகப் பறக்கின்றன. ஜிண்டபைனின் பழைய ஊரே அந்தத் திட்டத்தின் ஏரிக்குள் முழுகிவிட்டது, இப்போதிருப்பது அறுபதுகளில் இடம்பெயர்ந்த ஊர். அதைச் சொன்னபோது அண்ணா மட்டும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

கூட வந்த நண்பர் குடும்பத்தின் வண்டி டீசல். சாதாரண டீசல் அந்தக் குளிரில் மெழுகு போலக் கெட்டிப்படும். மலைக்கு ஏறும்முன் கூமாவிலோ ஜிண்டபைனிலோ ஆல்பைன் டீசல் நிரப்பிக்கொள்ள வேண்டும், டேங்க்கில் அதற்கு இடம் விட்டு வர வேண்டும். வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள், பனிப்பகுதிக்கு ஓட்டக் கூடாது என்று பலவற்றில் இருக்கும். இரவு நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் விட வேண்டும், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். வைப்பரைத் தூக்கி நிறுத்த வேண்டும். காலையில் கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றினால் விரிசல்தான் மிஞ்சும்.

கிளம்பும் நேரத்தைப் பற்றி அண்ணா கறாராகச் சொல்லியிருந்தார், பொழுது சாய்ந்த பிறகு மொனாரோ நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே பாயும் என்று. விடியுமுன் கிளம்பி, கோல்பர்னில் 15 மீட்டர் உயரச் செம்மறியாட்டுச் சிலையின் காலடியில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் முடித்து, கான்பெரா தாண்டி, மரமே இல்லாத மொனாரோ சமவெளியில் வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்தோம். பிளாஸ்கில் ரசம் கடைசிச் சொட்டு வரை சூடாகவே இருந்தது.

மறுநாள் பெரிஷரில் அத்தை முழங்கால் ஆழப் பனியில் நின்றுகொண்டு, ஆஸ்திரேலியாவின் உச்சி எவ்வளவு உயரம் என்று கேட்டார். கோசியஸ்கோ 2,228 மீட்டர் என்றேன். தொட்டபெட்டா 2,637. "அப்ப நம்முளுதுதான் பெருசு" என்றார் திருப்தியோடு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே உறைபனியோடு சரி என்று மகன் பள்ளிப்பாடம் ஒப்பித்தான், யாரும் கேட்கவில்லை.

நிபந்தனையை மீறியது அவரேதான். ரயிலில் இறங்கும்போதே குடும்ப வாட்ஸ்அப்பில் தன் படத்தைப் போட்டிருந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து அவர் தங்கை அனுப்பிய முதல் பதில்: "அக்கா, பேன்ட்டு யாருது?"