நிலவில் நிக்சன் கையெழுத்து

மகளின் பள்ளி ப்ராஜெக்டுக்கு அப்பல்லோ 11 படங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நிலவிலேயே விட்டுவந்த கலத்தின் ஏணியில் ஒரு தகடு. மூன்று விண்வெளி வீரர்களின் கையெழுத்து. அதற்குக் கீழே நான்காவதாக ரிச்சர்ட் நிக்சன்.

"இவரும் போனாராப்பா?" என்றாள்.

எங்கே போனார்! நிலவுக்கு ஆள் அனுப்புவோம் என்று 1961-ல் அறிவித்தவர் கென்னடி. அதற்கு முந்தைய ஆண்டு தேர்தலில் அவரிடம் தோற்றவர்தான் இந்த நிக்சன். 1969-ல் அப்பல்லோ 11 போனபோது அதிபர் நாற்காலியில் இருந்தார், அவ்வளவுதான்.

2012-ல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட நியூட் கிங்ரிச் புளோரிடாவுக்குப் போய், தன் இரண்டாவது பதவிக்காலம் முடிவதற்குள் நிலவில் நிரந்தரத் தளம் என்றார். நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில் விண்கலப் பயணங்கள் முந்தைய ஆண்டுதான் நின்றிருந்தன. அங்கே ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிருந்தது. ஊரைச் சரியாகத்தான் பிடித்தார். ஆனால் 'இப்படி ஒரு யோசனையோடு வந்தால் வேலையை விட்டே தூக்கிவிடுவேன்' என்ற போட்டியாளர் ரோம்னிதான் அங்கே கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில் ஜெயித்தார்.

2019-ல் டிரம்ப் அரசு, நிலவில் மறுபடி ஆள் இறக்கும் ஆர்ட்டெமிஸ் திட்டத்தின் 2028 இலக்கை 2024-க்கு இழுத்தது. அடுத்த தேர்தலில் மறுபடி ஜெயித்திருந்தால் அது அவருடைய பதவிக்காலத்தின் கடைசி முழு ஆண்டு. கணக்கு புரிகிறதல்லவா?

2020-ல் தோற்றார். புஷ் தொடங்கிய நிலவுத் திட்டத்தை ஒபாமா ஊற்றி மூடியதுபோல பைடன் ஆர்ட்டெமிஸை மூடவில்லை. அபூர்வம்தான்.