ஊசி குத்திவிட்டால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஆஸ்பத்திரி வார்டுகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்காக இது. நோயாளியிடம் ரத்தம் எடுத்த ஊசி கையில் தவறிக் குத்தியதும் பலர் விரலை அமுக்கிப் பிதுக்குகிறார்கள். அதனால் எச்.ஐ.வி. வைரஸ் வெளியே வந்துவிடும் என்பதற்கு ஆதாரமில்லை, சதைதான் நசுங்கும். ஜிக் (ப்ளீச்) ஊற்றுவதும் வேண்டாம், புண்தான் மிஞ்சும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ரத்தம் கண்ணில் தெறித்தால் தண்ணீராலோ சலைனாலோ நன்றாக அலசுங்கள்.

அடுத்து, எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தின் முதல் மாத்திரை. நோயாளியின் எச்.ஐ.வி. ரிசல்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பதுதான் பெரிய தப்பு. வைரஸ் முதலில் குத்திய இடத்துச் செல்களைப் பிடித்து, பிறகே நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ப் பெருகும். மருந்துக்குக் கிடைப்பது அந்த இடைவெளிதான். 72 மணி நேரம் என்பது கடைசிக் கெடு. சில மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. நோயாளிக்குத் தொற்று இல்லை என்று உறுதியானால் நிறுத்திக்கொள்ளலாம். இரவு டூட்டியில் மருந்தகம் பூட்டியிருக்கும். முதல் டோஸ் எங்கே, சாவி யாரிடம் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இங்கே வழக்கமாகக் கொடுப்பது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒரே மாத்திரை. தினம் ஒன்று, 28 நாள். டெனோஃபோவிர் கிட்னியைப் பாதிக்கலாம் என்பதால் ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வேலை செய்வதைக் காட்டும் அளவு) பார்ப்பார்கள். நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் குடிப்பவர்கள் கவனிக்க: அதிலுள்ள மெக்னீசியமும் அலுமினியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொள்ளும், மருந்து உடம்பில் சரியாக ஏறாது. மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்து ஆன்டாசிட் குடியுங்கள். முதலில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் பொறுங்கள். டி.பி.க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும், அவர்களுக்கு டோலுடெக்ராவிர் இரண்டு வேளை.

எச்.ஐ.வி. ரத்தமுள்ள ஊசி 1000 முறை குத்தினால், மருந்து எடுக்காவிட்டாலும் தொற்றுவது சுமார் 3 முறைதான். ஆழமான குத்து, உள்ளே துளையுள்ள ஊசி, கண்ணுக்குத் தெரியும் ரத்தம் என்றால் அபாயம் கூடும். தடுப்பூசி போடாதவருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி அதே 1000 குத்தில் 300 முறை வரைகூடத் தொற்றலாம். அதைப் பற்றி யாரும் பயப்படுவதாகத் தெரியவில்லை!

குத்து விழுவது பெரும்பாலும் மூடியைத் திரும்ப மாட்டும்போது, அல்லது நிரம்பி வழியும் டப்பாவுக்குள் ஊசியைத் திணிக்கும்போது. முக்கால் பங்கு நிறைந்ததும் டப்பாவை மூடி மாற்றிவிடுங்கள்.

உங்கள் ரத்தத்தையும் அன்றே சோதியுங்கள், பிறகு 6 வாரத்திலும் 3 மாதத்திலும். அன்றைய ‘நெகட்டிவ்’ கையில் இல்லையென்றால், பின்னால் தொற்று வந்தாலும் அது வேலையில் வந்தது என்று காட்டி நஷ்டஈடு வாங்குவது பெரும்பாடு.